காத்துத் தூசிய அளக்குற பிஎம் மெஷின் இருக்கும்போது தேனீ எதுக்கு? (பெங்களூர்)

சில்க்போர்டுவாசி:
எங்க அபார்ட்மென்ட் சன்ஷேடுக்கு அடியில பெருசா ஒரு மலைத்தேனீ கூடு, அசோசியேஷன்ல புகை போட்டு கலைச்சே தீருவேன்னு நிக்கிறாங்க. அத பத்தி தேடுனப்பதான் இந்த ஊர் தேனீய வச்சே காத்து மாசு ஆராய்ச்சி பண்ணிருக்காங்கன்னு பாத்தேன். ஊரெல்லாம் மெஷின் மாட்டி வச்சிருக்காங்களே, அதுக்கு மேல தேனீ என்ன சொல்லிடப் போகுது? கூட்டுக்குக் கீழ செத்துக் கிடக்குறத எண்ணுனா எங்க தெருக் காத்து எப்படின்னு தெரிஞ்சிடுமா?

பூச்சிக்கிறுக்கன்:
அது இங்க பெங்களூர்ல இருக்குற என்சிபிஎஸ்ங்கற உயிரியல் ஆராய்ச்சி மையத்துல கீதா திம்மேகௌடா, ஷானன் ஓல்சன்லாம் பண்ணது, 2020ல பிஎன்ஏஎஸ்ங்கற அறிவியல் இதழ்ல வந்துச்சு. ஊர்ப்புறத்துல ஆரம்பிச்சு டிராஃபிக் எடம் வரைக்கும் நாலு ஸ்பாட், மூணு வருஷம், 1800க்கு மேல காட்டுத் தேனீ. மாசு நடுத்தரமா, அதிகமா இருந்த எடத்துல புடிச்சதுல 80%க்கு மேல 24 மணி நேரத்துல செத்துப்போச்சு, பூவுக்கு வர்றதும் அங்க கம்மி, இதயத்துடிப்பு தாறுமாறு, ரத்த அணுவும் கொறைவு. மெஷின் ஒரு கனமீட்டர் காத்துல எத்தன மைக்ரோகிராம் தூசின்னு சொல்லும் அவ்ளோதான், அது ஒரு உசுருக்குள்ள போய் என்ன பண்ணுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும். தேனீக்கு ஒடம்பெல்லாம் முடி வேற, பறக்கையில ஸ்டாட்டிக் சார்ஜ் ஏறி மகரந்தம் தானா வந்து ஒட்டும், அதே மாதிரி டீசல் தூசியும் ஒட்டிக்குது. மைக்ராஸ்கோப்ல றெக்கை, காலு, உணர்கொம்புன்னு எல்லாத்துலயும் துகள் அப்பிக் கிடந்துச்சு.

சந்தேகராசா:
டிராஃபிக் உள்ள எடத்துல பூவும் கம்மி, நோய், பூச்சிமருந்துன்னு ஆயிரம் இருக்கும். காத்துதான்னு எப்படி அடிச்சு சொல்றீங்க?

பூச்சிக்கிறுக்கன்:
நியாயமான கேள்வி, அதுக்குத்தான் லேப்ல வளத்த பழ ஈய கூண்டுல போட்டு அதே எடங்கள்ல வச்சாங்க. ஒரே வம்சம், ஒரே தீனி. அதுக்கும் கிட்டத்தட்ட அதே பாதிப்புதான். ரோட்டோர சூடு, சத்தம் இதுக்கெல்லாம் பங்கே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பழ ஈ பார்ட் இல்லன்னா அந்தப் பேப்பர நானே நம்பிருக்க மாட்டேன்.

தேன்கூடு_மணி:
செத்தத எண்றது வேலைக்கு ஆகாது ப்ரோ. வேலைக்காரத் தேனீக்கு ஆயுசே சில வாரம்தான், தெனமும் சாகத்தான் செய்யும். ஒப்பிட சுத்தமான எடத்துக் கூடு ஒன்னு வேணும், அது இல்லாம உங்க எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்ல. ஈயம் மாதிரி உலோகம்னா தேன லேபுக்கு அனுப்பலாம், 2019ல பாரிஸ் நோட்ர டாம் சர்ச் எரிஞ்சப்ப கூரையில இருந்த ஈயம் காத்துல போய், காத்து அடிச்ச பக்கத்துக் கூட்டுத் தேன்ல ஏறியிருந்துச்சு (சாப்பிடுற அளவுக்கு சேஃப்தான்). அங்க தீக்கு முந்துன தேனோட கணக்கும் கையில இருந்துச்சு, அதான் விஷயம்.

சில்க்போர்டுவாசி:
ஓகே புரியுது. அப்ப அசோசியேஷனுக்கு என்ன சொல்ல?

தேன்கூடு_மணி:
மலைத்தேனீ ஒரே எடத்துல நெரந்தரமா இருக்காது, சீசன் முடிஞ்சா அதுவே கெளம்பிடும். அதுவரைக்கும் கூட்டுக்குப் பக்கத்துல இருக்குற பால்கனி லைட்ட ராத்திரில அணைச்சு வைக்க சொல்லுங்க, வெளிச்சத்துக்குத்தான் வீட்டுக்குள்ள வரும். புகை மட்டும் வேணாம், கொட்டு வாங்கப்போறது கீழ நிக்கிற வாட்ச்மேன்தான்.