கே-அனானிமிட்டி லேப்: பட்டியலில் பாதி வரி காணாமல் போகிறது

கொழிஞ்சாம்பாறை_லேப்:
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, தனியுரிமைப் பாடம். 500 வரியில் கற்பனையான ஆஸ்பத்திரிப் பட்டியல்: வயது (20 முதல் 79), பாலினம், பின்கோடு, நோய். பாலக்காடு, கோவை, பொள்ளாச்சி சேர்ந்து 40 பின்கோடு. அடையாளம் மறைக்கும் ஏ.ஆர்.எக்ஸ். மென்பொருளில் கே = 5 கொடுத்தால் (வயது, பாலினம், பின்கோடு ஒத்தவர்கள் கூட்டத்துக்குக் குறைந்தது 5 பேர் வேண்டும், அதுதான் கே-அனானிமிட்டி) பாதி வரி நீங்குகிறது, இல்லாவிட்டால் பின்கோடு முழுக்க நட்சத்திரமாகிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குகிற மாதிரி எப்படி அமைப்பது?

மீனாட்சிபுரம்_67:
மென்பொருளில் தப்பில்லை சார், கணக்கில்தான். 60 வயது × 2 பாலினம் × 40 பின்கோடு = 4,800 கட்டங்கள்; ஆட்களோ 500. அநேகமாக ஆளுக்கொரு கட்டம். கட்டத்துக்கு 5 பேர் வேண்டுமென்றால், எல்லாரும் சமமாகப் பரவினால்கூட 100 கட்டத்துக்கு மேல் தாங்காது. பரவமாட்டார்கள், அதனால் 30 வாக்கில் நிறுத்துங்கள். வயதைப் பத்துப் பத்தாக்கி, 60-க்கு மேல் எல்லாம் ஒரே கூடை: 5 × 2 × 3 = 30.

அந்த 3 எங்கிருந்து என்றால், பின்கோட்டின் முதல் மூன்று இலக்கம்: 678, 641, 642. ஆனால் நம் எல்லைப் பக்கம் இலக்கத்தை வெட்டிக்கொண்டே போவது சரிப்படாது. மீனாட்சிபுரமும் பொள்ளாச்சியும் பக்கத்துப் பக்கத்து ஊர். எண்ணில் ஒன்று 67, இன்னொன்று 64. இரண்டும் சேர்வது வெறும் '6'-ல், அதாவது தமிழ்நாடும் கேரளமும் மொத்தமாக. மென்பொருள் நட்சத்திரத்துக்குத் தாவுவது இதனால்தான். எதை எப்படிப் படிப்படியாகப் பொதுமைப்படுத்துவது என்று மென்பொருளுக்குச் சொல்லும் படிநிலைக் கோப்பைக் கையால் எழுதுங்கள்: பின்கோடு, தாலுகா, அப்புறம் 'எல்லையோரம் / உள்பகுதி'.

நீக்க வரம்பை 5 சதவீதமாக வையுங்கள், அதாவது 25 வரி வரை நீங்கலாம். நோய் நிரல் 'உணர்திறன்' (காக்கவேண்டிய ரகசியம்) வகையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயது, பின்கோடு போல மறைமுக அடையாளமாகக் குறித்துவிட்டால் நோயையும் சேர்த்துப் பொதுமைப்படுத்திவிடும்.

வாளையார்_பாக்கெட்:
கே வந்ததும் பிள்ளைகள் கடையைக் கட்டிவிடுவார்கள், விடாதீர்கள். ஒரு கூட்டத்தில் 6 பேர், ஆறு பேருக்கும் சர்க்கரை என்றால், எந்த வரி யாருடையது என்றே தெரியாமல் நோய் தெரிந்துபோகும். வேண்டுமென்றே அப்படி ஒரு கூட்டத்தைப் பட்டியலில் புதைத்து வையுங்கள். பிறகு எல்-டைவர்சிட்டி: ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது 'எல்' வகை நோய் இருக்கவேண்டும். அதிலும் எல் = 2 ஏமாற்றும்: ஐந்து பேருக்கு சர்க்கரை, ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் தேறிவிடும்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி மறைக்கட்டும், மறு பாதி பெயருள்ள கற்பனை வாக்காளர் பட்டியலோடு பொருத்திப் பார்க்கட்டும். நிஜப் பட்டியலைத் தொடவே வேண்டாம். 1990களில் தனியுரிமை ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி, மாசசூசெட்ஸ் கவர்னர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவைக் கண்டுபிடித்தது இதே வழிதான்: பிறந்த தேதி, பாலினம், தபால் குறியீடு, கூடவே 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியல்.

கொழிஞ்சாம்பாறை_லேப்:
தாலுகா யோசனை பிடித்திருக்கிறது, நன்றி. மிச்ச அரை மணியில் டிஃபரன்ஷியல் பிரைவசி (விடையோடு இரைச்சல் சேர்த்து ஆளை மறைப்பது) தொட முடியுமா?

மீனாட்சிபுரம்_67:
எண்ணிக்கைக் கேள்வி ஒன்று போதும். 'சர்க்கரை உள்ளவர் எத்தனை?' ஓர் ஆளைச் சேர்த்தாலும் நீக்கினாலும் விடை 1-க்கு மேல் மாறாது, அதனால் விடையோடு சேர்க்கும் லாப்லாஸ் இரைச்சலின் (தற்செயல் எண்ணின்) அளவு 1/எப்சிலான். எப்சிலான் என்பது தனியுரிமைச் செலவு; சிறிதானால் மறைப்பு கூடும். எப்சிலான் 1 என்றால் திட்ட விலக்கம் சுமார் 1.4, 0.1 என்றால் 14. சிறிய தாலுகாவில் 14 அளவு இரைச்சல் சேர்ந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழேகூட வரும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பிறகு அதே கேள்வியை எப்சிலான் 1-ல் 100 தடவை கேட்டுச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். விலக்கம் 0.14-க்கு இறங்கி, உண்மை எண் பல்லை இளிக்கும். ஒவ்வொரு கேள்வியும் 1 செலவழித்து மொத்தம் 100 போய்விட்டது என்று அப்போது கரும்பலகையில் எழுதினால் போதும்.