சீனாவின் யுன்னான் மாகாணத்தில், லிஜியாங் பக்கம் நாஷி இன மக்களின் சாமி இடங்களுக்குப் போனவர்கள்: மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

மூங்கில்கூடை:
பைஷுய்தாய் போட்டோ எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் அந்த வெள்ளைப் படிக்கட்டுகளை வர்ணிக்கப்போவதில்லை. சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்து வழிந்து படிந்தது. நாஷிகளைக் கேட்டால், வயல் கட்டும் வித்தையை மனிதர்களுக்குக் காட்டத் தெய்வங்கள் செய்துவைத்தது என்பார்கள். எனக்கு உறுத்துவது மேலே ஊற்றுக்கண் பக்கத்தில் நடந்தது. ஒரு பாட்டி ஊதுபத்தி கொளுத்தி, ஒரு கிண்ணத்தில் அரிசி வைத்து, குனிந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். செல்ஃபி எடுக்க வந்த ஒருவன் அந்தக் கிண்ணத்தைக் காலால், ஆமாம் காலால், ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றான். பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் நகர்ந்ததும் கிண்ணத்தை அலம்பி, புது அரிசி போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். நாஷிகளின் பழைய மதமான டோங்பாவின் பிறப்பிடம் என்று அவர்கள் கும்பிடுகிற இடம் அது. அவருக்கு வராத கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பனிக்குல்லா:
யுன்ஷான்பிங். 3,200 மீட்டருக்கு மேலே, காட்டுக்கு நடுவில் புல்வெளி, கேபிள் காரில் போகலாம். கதை தெரியும்தானே, சேரவிடாத காதலர்கள் இங்கே வந்து உயிரை விட்டால் யூலோங் பனிமலையில் இருக்கும் மூன்றாம் நாடு என்கிற காதலர் சொர்க்கத்துக்குப் போய்விடுவார்களாம். வெறும் கதையும் இல்லை. 1723-இல் சீனாவை ஆண்ட சிங் அரசு இங்கே நேரடி ஆட்சியைக் கொண்டுவந்து, பெற்றவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணத்தைத் திணித்த பிறகு இப்படிப்பட்ட சாவுகள் பெருகின, அந்த ஆவிகளுக்காக டோங்பா பூசாரிகள் தனிச் சடங்கே வைத்திருந்தார்கள். எங்கள் கைடு இதையெல்லாம் மைக்கில் கலகலவென்று சொல்லி முடிக்கிறார், திரும்பினால் கல்யாண போட்டோ எடுக்கிறார்கள். மணப்பெண் வெள்ளை கவுனில், ஒரு கையில் பூங்கொத்து, இன்னொரு கையில் ஆக்சிஜன் டப்பா. உறிஞ்சுகிறாள், சிரிக்கிறாள், மறுபடி உறிஞ்சுகிறாள். அந்தக் கதையை அவளிடம் யாராவது சொன்னார்களா, இல்லை தெரிந்துதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாளா?

ராத்திரிரயில்:
பனிக்குல்லா, தெரியாமல் இருக்குமா, அந்த ஊரில் டிக்கெட் விற்பதே அந்தக் கதையை வைத்துத்தான். சுற்றுலாக்காரன் வந்தாலே எல்லாம் கெட்டுப்போச்சு என்கிற புலம்பல் எனக்குப் பிடிக்காது. யூஷுய்சாய்க்குப் போங்கள். ஊற்றுப் பக்கம் பாம்பு உடம்போடு ஒரு சாமி இருக்கிறது, பெயர் ஷூ. மனிதனும் ஷூவும் ஒரே அப்பாவுக்கு வேறு வேறு அம்மா வயிற்றில் பிறந்தவர்கள், பாகம் பிரித்ததில் வயலும் ஆடுமாடும் மனிதனுக்கு, காடு, ஆறு, காட்டு மிருகம் எல்லாம் ஷூவுக்கு. மனிதன் எல்லை தாண்டினால் நோய் வரும். அங்கே சுற்றுலாக்காரர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பட எழுத்தில் பெயர் எழுதித் தந்த டோங்பா பூசாரி, கூட்டம் குறைந்ததும் ஒரு பையன் ஊற்றில் துப்பியதைப் பார்த்து எழுந்துபோய் அவனை விட்டு விளாசு விளாசென்று விளாசினார். காசு வாங்கினால் நம்பிக்கை இல்லையா என்ன?

அப்புறம் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். லிஜியாங்கே 2,400 மீட்டர், வந்த அன்றைக்கே யூலோங் பனிமலையின் 4,506 மீட்டர் கேபிள் காரில் ஏறாதீர்கள், தலைவலி பிடித்தால் பயணமே பாழ். முதல் நாள் பக்கத்திலிருக்கும் பைஷா கிராமத்துக்குப் போய் மிங் காலச் சுவரோவியங்களைப் பாருங்கள், பௌத்தம், தாவோ, திபெத் எல்லாம் ஒரே சுவரில் கலந்திருக்கும். பைஷுய்தாயை லிஜியாங்கிலிருந்து ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள், புலி பாயும் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு ஹாபா வழியாகப் போவதுதான் சரி, வெயில் இருந்தால்தான் அந்த வெள்ளை எடுபடும். வழுக்காத காலணி முக்கியம். மழைக்கோட்டு எப்போதும் பையில் இருக்கட்டும். சாக்லேட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பனிக்குல்லா:
நான் மணப்பெண்ணைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் மழைக்கோட்டு வரைக்கும் போய்விட்டீர்கள்.

ஆட்டுவருஷம்:
சான்துவோ சாமியின் பெய்யுவே கோயிலை யாருமே சொல்லவில்லையே? நாஷிகளின் காவல் தெய்வம், வெள்ளை உடை, வெள்ளைக் குதிரை, பனிமலையே அவர்தான் என்பார்கள். இரண்டாம் சந்திர மாதம் எட்டாம் நாள் அவருக்குப் பெரிய விழா. நான் போனபோது ஈ காக்கை இல்லை. வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா எந்த வருஷம் பிறந்தாய் என்று விரல் மடக்கிக் காட்டிக் கேட்டார், 1979 என்று போனில் தட்டிக் காட்டினேன். துடைப்பத்தைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்! சீன வருஷக் கணக்கில் 1979 ஆட்டு வருஷம், சான்துவோவும் ஆட்டு வருஷத்தில் பிறந்தவராம், இது எனக்கு ஓட்டலுக்குத் திரும்பிய பிறகுதான் தெரியும். சந்நிதி பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஏதோ செய்யச் சொல்லி வற்புறுத்துகிறார், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆட்டு வருஷக்காரர்கள் அங்கே என்ன செய்ய வேண்டும்? யாராவது விழாவுக்குப் போயிருந்தால் சொல்லுங்கள்.

மூங்கில்கூடை:
@ஆட்டுவருஷம் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த டிரைவரும் என் கிண்ணத்துக்காரனும் ஒரே ஜாதி.

ராத்திரிரயில்:
டிரைவரைத் திட்டாதீர்கள், அவருக்கு அடுத்த சவாரி இருந்திருக்கும். பெய்யுவே போகிறவர்கள் பக்கத்தில் யூஃபெங் மடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரு பழைய கமேலியா மரம், கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஒரு துறவி ஒளிந்து ஒளிந்து தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியது என்பார்கள். வசந்தத்தில் போனால்தான் பூ.