உட்சுவர்ப் பூச்சு: ஈரத்தில் சரிகிறது, காய்ந்தால் வெடிக்கிறது. சிமெண்டைக் கூட்டலாமா?

கேட்பவர் (உடுமலைப்பேட்டை)

வணக்கம். வீட்டின் பின்புறம் நாட்டுச் செங்கல்லால் ஓர் அறை கட்டியிருக்கிறோம். சுவரைக் கொத்தனார் எழுப்பினார். உட்பூச்சை மட்டும் நானே பழகிக்கொண்டு செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) கலந்து, கரண்டியால் சுவரில் எறிந்து, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்க்கிறேன்.

இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஆள் உயரத்துக்கு மேலே போட்ட கலவை, பலகையை இழுக்கும்போதே பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. விழுந்த பாளத்தின் பின்பக்கம் மாவுபோல் உதிர்கிறது. ஒட்டி நின்ற இடங்களிலோ மறுநாள் காலையில் மயிரிழை வெடிப்புகள் வலைபோல் ஓடியிருக்கின்றன. மேற்குச் சன்னல் பக்கம்தான் இது அதிகம். சிமெண்டின் பங்கைக் கூட்டினால் சரியாகுமா?

கொத்து வேலை செய்பவர் (திண்டுக்கல்)

தம்பி, சிமெண்டைக் கூட்டினால் வெடிப்பும் கூடும். பதில் சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. பூசுவதற்கு எவ்வளவு நேரம் முன்பு சுவருக்குத் தண்ணீர் அடித்தீர்கள்? வாங்கிய மணல் கான்கிரீட்டுக்கானதா, பூச்சுக்கான பி-சாண்டா? கலவை எவ்வளவு கனத்தில் ஏறுகிறது? தேய்க்கும்போது மேலே வெறும் சிமெண்டைத் தூவினீர்களா? சன்னலுக்குக் கதவு மாட்டியாயிற்றா?

கேட்பவர்

பூசுவதற்குச் சற்று முன்பு ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்தேன். கான்கிரீட் போட்டு மீந்த எம்-சாண்டைத்தான் சலித்துப் பயன்படுத்துகிறேன். சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்காததால், மேல்பகுதியில் ஓர் அங்குலத்துக்கு மேலும் கனம் ஏறுகிறது. கலவை தளர்ந்துபோன இடங்களில் சிமெண்ட் தூவித் தேய்த்தேன். கொத்தனார் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். சன்னல் கதவு இன்னும் வரவில்லை.

கொத்து வேலை செய்பவர் (திண்டுக்கல்)

அப்படியானால் உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் தண்ணீர்தான், தம்பி.

முதலில் சரிவதைப் பார்ப்போம். செங்கல் 24 மணி நேரம் நீரில் ஊறினால் தன் எடையில் 20 விழுக்காடு வரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தரநிலை 1077 இடம் கொடுக்கிறது. மூன்று கிலோ கல்லுக்கு அது அரை லிட்டருக்கும் மேல். அப்படிப்பட்ட கல்லின் மேல் ஒரு குவளைத் தெளிப்பு எம்மாத்திரம்? நீங்கள் எறியும் கலவையிலிருந்தே கல் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. ஒட்டவேண்டிய அந்த மெல்லிய படலத்தில் சிமெண்ட் இறுகுவதற்கு ஈரம் மிஞ்சுவதில்லை. பாளத்தின் பின்பக்கம் மாவுபோல் உதிர்வது அதனால்தான். முந்தைய நாள் மாலை சுவர் முழுவதும் வழிய வழியக் குழாயால் அடியுங்கள். பூசும் நாள் காலையில் மறுபடியும் நனையுங்கள். பிறகு கையால் கொஞ்சம் நீரைச் சுவரில் எறிந்து பாருங்கள். பட்டதும் மறைந்தால் சுவருக்கு இன்னும் தாகம். பளபளவென்று அப்படியே நின்றால் அதிக ஈரம், அதிலும் கலவை வழுக்கும். கல் கருத்து, மேலே நீர் மினுக்காமல் இருக்கும் நேரமே பூசுவதற்கு உகந்தது. அதற்கு முன் கல்லிடைச் சந்துகளில் பிதுங்கி நிற்கும் கலவையை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள். பிடிமானம் அந்தச் சந்துகளில்தான் இருக்கிறது.

கனம் இரண்டாவது காரணம். உட்சுவருக்கு 12 மில்லிமீட்டர் போதும். ஒரே முறையில் 15 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். மேலே ஓர் அங்குலம் தேவைப்படுகிற இடத்தில் முதலில் பாதிக் கனத்துக்குப் போட்டு, அது இறுகத் தொடங்கியதும் கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, ஓரிரு நாள் நனைத்துவைத்தபின் அடுத்ததைப் போடுங்கள். எவ்வளவு கனம் வரும் என்பது முன்கூட்டியே தெரிவதற்கு, நூலும் தூக்குக்குண்டும் பிடித்து, பலகையின் நீளத்துக்குள் அடங்கும் இடைவெளிகளில் உள்ளங்கை அகலத்தில் கலவையாலான அடையாளப் புள்ளிகளை முதல் நாளே வைத்துவிடுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் புள்ளி வைப்பதைத் தண்டவேலை என்று நினைக்கிறார்கள். அனுபவசாலிகளே அதைத் தவிர்ப்பதில்லை.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

மேலே சொன்னதை ஏற்றுக்கொண்டு, வெடிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சன்னல் பக்கம் அதிகம் என்ற குறிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்கள் பகுதிக்கு ஆனி, ஆடி மாதங்களில் வரும் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவில்லாத சன்னல் வழியாக அது பூச்சின் மேல்தோலை உள்பகுதிக்கு முன்பாகவே உலர்த்திவிடுகிறது. சுருங்கும் தோல் சுருங்காத உள்பகுதியின் மேல் நின்றுகொண்டு வெடிக்கிறது. ஒரு தார்ப்பாயோ நனைத்த சாக்கோ கட்டிவிட்டுப் பூசுங்கள்.

தூவிய வெறும் சிமெண்டும் இதே தீங்கைத்தான் செய்கிறது. வேலை விரைவில் முடியவேண்டும் என்பதற்காகப் பலரும் தூவுகிறார்கள் என்பது உண்மை. அது நல்ல பழக்கம் அன்று. கலவை தளர்ந்திருந்தால் காத்திருங்கள். விரலால் அழுத்தும்போது தடம் பதிந்து, விரலில் கலவை ஒட்டாத நிலை வந்தபின் கட்டையைப் போடுங்கள்.

விகிதம் 1:5 அல்லது 1:6 போதும். மணலைப் பூச்சுக்கான பி-சாண்டாக மாற்றுங்கள். சலித்தால் பரல் போகுமே தவிர, கான்கிரீட் மணலில் உள்ள கல்தூள் போகாது, அந்தத் தூள்தான் அதிக நீர் கேட்டுப் பின்னர் சுருங்குகிறது. வாங்குமுன் ஒரு கண்ணாடிக் குடுவையில் பாதி மணலும் மேலே தண்ணீருமாகக் குலுக்கிச் சில மணி நேரம் வைத்தால், மேலே படியும் தூளின் கனத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் கனத்தில் 100 சதுர அடிக்கு 1:6 விகிதத்தில் முக்கால் மூட்டைச் சிமெண்டும் ஐந்தாறு கன அடி மணலும் ஆகும். நீர் ஊற்றியபின் அரை மணி நேரத்துக்குள் தீர்க்கக்கூடிய அளவே கலக்கி, இறுகிப்போனதில் மறுபடி தண்ணீர் விடாதீர்கள்.

மற்றொருவர் (ஈரோடு)

இவ்வளவு பாடு எதற்கு? உள்ளறைக்கு ஜிப்சம் பூச்சு அடித்தால் தண்ணீர் விட்டு ஆற்றவும் வேண்டாம், பட்டியும் (வண்ணத்துக்கு முன் பூசும் மென்பூச்சு) அதிகம் தேவைப்படாது.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

உலர்ந்த அறைக்கு அது நல்ல மாற்றுதான். ஆனால் சுவர் ஓர் அங்குலத்துக்குமேல் சாய்ந்திருக்கும் இந்த அறையில் அந்தக் கனத்தை ஜிப்சத்தால் நிரப்பச் செலவு கட்டாது. அடியில் ஈரம் ஏறும் சுவரில் அது பொரிந்துவிடும்.

கேட்பவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஏற்கெனவே பூசிய பகுதியைக் கரண்டிப் பிடியால் தட்டிப் பார்த்தேன். சன்னலுக்குக் கீழே பொள்ளலான சத்தம் கேட்கிறது. மற்ற இடங்கள் கெட்டியாகத்தான் இருக்கின்றன. முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டுமா? மின்குழாய்க்கு வெட்டிய காடிகளையும் மூட வேண்டியிருக்கிறது.

கொத்து வேலை செய்பவர் (திண்டுக்கல்)

பொள்ளலான இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, கெட்டிச் சத்தம் வரும் எல்லைவரை மட்டும் கொத்தி எடுங்கள். ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, நனைத்துவிட்டுப் பூசுங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்து மயிரிழை வெடிப்புகளால் கேடில்லை, பட்டி பார்க்கும்போது மூடிவிடலாம். காடிகளைக் கலவையால் நிரப்பியபின், இருபுறமும் நான்கு அங்குலம் பரவும்படி கோழிவலையை ஆணியடித்து அதன் மேல் பூசுங்கள். செங்கல்லும் கான்கிரீட் தூணும் சேரும் கோட்டிலும் இதே வலை வேண்டும்.

மறுநாளிலிருந்து ஏழு நாளாவது சுவர் காயவே கூடாது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி (PPC) எனும், சாம்பல் கலந்து மெதுவாக வலுவேறும் சிமெண்ட் என்பதால் நான் பத்து நாள் வைத்துக்கொள்வேன். காலை, நண்பகல், மாலை என்று தெளியுங்கள். சன்னல் பக்கத்துக்கு இன்னொரு தடவை சேர்த்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, சிமெண்ட் விரலிடுக்கை அரித்துவிடும். வேலையைச் சன்னல் இல்லாத கிழக்குச் சுவரிலிருந்து தொடங்குங்கள். கை பழகியபின் மேற்குச் சுவருக்கு வரலாம்.