ரேஸ் குதிரையைப் பற்றிக் கதை எழுதத் தகவல் தேடிப் போனவர்கள், மறக்காத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

வடகரை

நானே தொடங்கிவிடுகிறேன். சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸை வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், 1974ல் ரேஸை நிறுத்தச் சட்டம் வந்த காலம். சட்டம், வழக்கு எல்லாம் உட்கார்ந்து படித்தால் கிடைத்துவிடுகிறது. லாயத்துக்குள் காலை நாலு மணிக்கு என்ன நடக்கும் என்பதுதான் எங்கேயும் கிடைக்கவில்லை. குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆளைச் சைஸ் என்பார்கள், தெரிந்தவர் ஒருவர் மூலமாக வேளச்சேரிப் பக்கம் அப்படி ஒரு பழைய ஆளைப் பிடித்தேன். ஓய்வு பெற்றவர், அவருடைய அக்கா மகன் இப்போதும் வேறு ஊரில் அதே வேலையில் இருக்கிறார், அங்கே அழைத்துப் போனார்.

நான் கேட்டதெல்லாம் கதைக்காரன் கேட்கிற கேள்விகள். ரேஸ் நாள் என்று குதிரைக்குத் தெரியுமா, பயப்படுமா, இந்த மாதிரி. பெரியவர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு குதிரையின் முன்னங்கால் பக்கமாகக் குந்தி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே பின்பக்கத்தை விரலால் மேலிருந்து கீழாகத் தடவினார். அடுத்த காலையும் அப்படியே. பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்து, "எந்தக் கால் சுடுது, சொல்லுங்க தம்பி" என்றார்.

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. முட்டிக்குக் கீழே சதை என்று ஒன்றும் இல்லை, தோலும் எலும்பும் நரம்பு போல முறுக்கேறிய நாரும்தான். அந்த நாரில் கொஞ்சம் சூடு கூடியிருந்தால் உள்ளே இழுத்திருக்கிறது, அதோடு ஓடவிட்டால் பாதி வழியில் போய்விடும். காலையும் மாலையும் தடவிப் பார்க்க வேண்டியது சைஸ். "இடது" என்றார் பெரியவர். அக்கா மகனும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் டிரெயினரைத் தேடிப் போய்விட்டார்.

"நார் அறுந்தே போனால் அந்தக் குதிரையை அப்புறம் என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். "அதையும் எழுதப் போறீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாவல் சரியாக அந்த அத்தியாயத்தில் நிற்கிறது.

மழைக்காகிதம்

என்னுடையது பெங்களூரு. ஒரு சிறுகதைக்காகப் போனேன், சனிக்கிழமை, குறைந்த டிக்கெட்காரர்கள் நிற்கிற கீழ்த்தட்டு என்க்ளோஷர். நான் பார்த்த வரையில் சுற்றிலும் வேறு பெண்ணே இல்லை. யாரும் என்னை முறைக்கவும் இல்லை, எல்லாருடைய தலையும் ரேஸ் புக்குக்குள் கவிழ்ந்திருந்தது.

பக்கத்தில் ஒரு தாத்தா, தமிழ்தான், சிவாஜி நகர்க்காரர். பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று அவராகவே சொல்லிக்கொடுத்தார். குதிரையின் தரத்துக்குப் போடுகிற ரேட்டிங் இது, சுமக்கிற எடை இது, எந்த கேட்டிலிருந்து கிளம்புகிறது, போன ஓட்டத்தில் எத்தனை லெங்த், அதாவது எத்தனை குதிரை நீளம், பின்னால் வந்தது. நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை, எல்லாம் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதுதான் கணக்கு, "ஆனா ஒரு நாளும் ஒண்ணா வந்து சேராது, அதுலதான் நம்ம பொழப்பு" என்றார். அரசாங்கம் பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி போட்ட புதிது, 2023 அக்டோபருக்குப் பிறகு, அதற்கும் தனியாக ஒரு புலம்பல்.

கேட் திறந்ததும் தாத்தா திரும்பி நின்றுகொண்டார். மைதானத்துக்கு முதுகு. கண்ணையும் மூடிக்கொண்டார். வர்ணனை மட்டும் காதில் விழுகிறது. கடைசி நானூறு மீட்டரில் மொத்தக் கூட்டமும் கத்துகிறது, அதுவும் குதிரையின் பெயர் இல்லை, "அஞ்சு! அஞ்சு!", "ஏய் ரெண்டு, வாடா வாடா!" என்று நம்பர்தான். இவர் மட்டும் தூணைப் பார்த்தபடி நிற்கிறார். முடிந்ததும் ஏன் தாத்தா பார்க்கவில்லை என்றேன். "பார்த்தா கத்திடுவேம்மா. கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அவர் எந்த நம்பரில் கட்டியிருந்தார் என்று கடைசி வரை சொல்லவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஜெயித்தாரா தோற்றாரா? இன்றைக்கும் அவர் முகத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

லாடம்64

வடகரை, தேதி விஷயத்தில் கவனம். சட்டம் 1974தான், ஆனால் நடைமுறைக்கு வந்தது 1975 மார்ச் 31. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில்தான் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் இல்லை என்று தீர்ப்பு. நடுவில் 1986ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் போட்டது, அதுவும் அதே தீர்ப்பில் அடிபட்டது. 1974ல் ஒரே ராத்திரியில் கேட்டைப் பூட்டி எல்லாரும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதாக எழுதினால் என்னைப் போல ஒருவன் கடிதம் போடுவான்.

என் சம்பவம் சின்னது. புனேயில் வேலை, மழைக்கால ரேஸ். ஜெயித்த குதிரையின் ஜாக்கி சேணத்தைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு எடை பார்க்க உள்ளே போனார். எடை குறைந்துவிட்டது. குதிரை தகுதி இழந்தது, இரண்டாவதாக வந்தது முதல் ஆனது. அறிவிப்பு வந்த அடுத்த நொடி பெரிய மனிதர்கள், தொப்பை வைத்தவர்கள், எல்லாரும் ஈரத் தரையில் மண்டியிட்டு, தாங்களே கிழித்துப் போட்ட சீட்டைத் தேடுகிறார்கள். ஒருத்தர் பாதிச் சீட்டை வைத்துக்கொண்டு மறு பாதியை யாரோ மிதித்துக்கொண்டு நிற்பதாக அடிதடிக்கே போனார். அவ்வளவுதான்.

இனி எழுதுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள், யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை.

1200 மீட்டர் ரேஸ் ஒரு நிமிடமும் சில விநாடிகளும்தான். மும்பை மகாலட்சுமியில் ஓடுகிற இந்தியன் டெர்பி 2400 மீட்டர், அதற்கே இரண்டரை நிமிடம் போதும். இதற்குள் உங்கள் ஜாக்கி தன் அம்மாவை நினைத்து, கைவிட்டுப் போன காதலியை நினைத்து, வட்டிக்காரனையும் நினைத்து மூன்று பக்கம் ஓட்டுகிறார். முடியாது. அப்புறம், "சேணத்தில் அமர்ந்து பறந்தான்" என்று எழுதாதீர்கள். அவர் உட்காரவே இல்லை, அங்கவடியில், அதாவது கால் வைக்கிற வளையத்தில், முன்பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கிக் குனிந்து நிற்கிறார், தொடை எரியும். குதிரை வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது என்று எழுதுகிறீர்கள், குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு மட்டும்தான். முழு வேகத்தில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு, இரண்டும் பிணைந்தே போகும், அதனால் பக்கத்தில் ஓடுகிற குதிரையின் மூச்சு ஜாக்கிக்குத் தாளம் தப்பாமல் கேட்கும். எழுத வேண்டியது அதுதான், ஒருத்தரும் எழுத மாட்டேன் என்கிறீர்கள். பந்தயத்துக்குப் பிறகு மூக்கில் ரத்தம் வந்தால் அது பெரும்பாலும் நுரையீரலில் இருந்து வருவது, அடிபட்ட காயம் கிடையாது. இங்கிலாந்து டெர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கு, நம்முடைய டெர்பி நான்கு வயதுக்கு, மாற்றிப் போடாதீர்கள். நம் நாட்டில் எல்லா ரேஸ் குதிரைக்கும் ஜனவரி 1ல்தான் வயது ஏறும், எந்த மாதம் பிறந்திருந்தாலும் சரி. ஜாக்கி போடுகிற சட்டையின் நிறம் குதிரை முதலாளியுடையது, ஜாக்கியின் ராசி நிறம் இல்லை. ஒரே மாலையில் நாலு சட்டை மாற்றுவார்.

மழைக்காகிதம் சொன்ன தாத்தா மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களை வைத்துக் கதை நகராது. கதை நகர வேண்டுமென்றால் பணம் எங்கே புரள்கிறது என்று பாருங்கள், யார் யாரிடம் சொல்லிக் குதிரையை ஜெயிக்காதபடி இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள் என்று பாருங்கள்.

குன்னூர் பஸ்

மேலே இருப்பவர் சொன்ன எடை விஷயம் அருமை, மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்கிறேன்.

ஊட்டி ரேஸ் கோர்ஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏப்ரலில் சீசன் தொடங்குவது வழக்கமாக இருந்தது, 2024 ஜூனில் அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நான் சொல்வது அதற்கு வெகு முன்னால். மைதானத்தில் நடப்பதைவிட, குதிரைகள் மலை ஏறி வருவதைத்தான் நான் எழுத நினைத்தேன். சமவெளியிலிருந்து லாரியில் வரும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரம், கொண்டை ஊசி வளைவுகள், உள்ளே கட்டிப்போட்ட குதிரைகள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதன் உடலமைப்பு அப்படி, வயிற்றில் கோளாறு என்றால் உள்ளேயே கிடந்து உயிரைக் குடிக்கும். அதனால் சைஸ் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காராமல் குதிரையோடு பின்னாலேயே வருவார்.

மலைப் பாதையில் பர்லியாறு டீக்கடையில் ஒரு லாரி நின்றது. சைஸ் இறங்கவே இல்லை. டீயை மேலே கொடுக்கச் சொன்னார், நான் எடுத்துக் கொடுத்தேன். இருட்டுக்குள் ஒரு கை வந்து டம்ளரை வாங்கியது, அதற்கு மேலே குதிரையின் பெரிய முகம், நெற்றியில் வெள்ளைப் பட்டை, டீ ஆவியை முகர்ந்து பார்க்கிறது. பேச்சுக் கொடுத்தேன். கதை எழுதுகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க கதையில குதிரை ஜெயிக்குமா சார்?" ஜெயிக்கும் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் எழுதுறீங்க. நான் பார்த்துக்கிட்டதுல பாதி ஒரு ரேஸ் கூட ஜெயிக்காமலே போச்சு. அதுங்களுக்கும் நான்தான் தண்ணி வெச்சேன்."

லாரி கிளம்பிவிட்டது. டம்ளரும் அதோடு போய்விட்டது, கடைக்காரருக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

மழைக்காகிதம்

லாடம்64 சார், தாத்தாவை வைத்துக் கதை நகராது என்கிறீர்கள். குன்னூர் பஸ் எழுதியதில் என்ன நகர்ந்தது? ஒரு டம்ளர் நகர்ந்தது. நான் மூன்று முறை படித்துவிட்டேன்.

அப்புறம் இந்தக் குதிரையை இழுத்துப் பிடிக்கிற கதை. ரேஸ் என்று எடுத்தாலே வில்லன் ஒருவன் கோட்டுப் போட்டுக்கொண்டு சுருட்டோடு வந்து ஜாக்கியை மிரட்டுகிறான். ரேஸ் நடுவர்களான ஸ்டூவர்டுகள் ஒவ்வொரு ஓட்டத்தையும் பல கோணத்தில் படம் போட்டுப் பார்க்கிறார்கள், சந்தேகம் வந்தால் ஜாக்கியையும் டிரெயினரையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். தப்பே நடக்காது என்று சொல்லவில்லை. அந்த விசாரணை அறைக்குள் ஜாக்கி வார்த்தையைத் தேடித் தேடிப் பேசுவதை எழுதினால் நானும் படிப்பேன். சுருட்டு வேண்டாம்.

ஜொகூர் கரை

சிங்கப்பூர் கிராஞ்சி ரேஸ் கோர்ஸ். கடைசி ரேஸ் 2024 அக்டோபர் 5. கிளப் தொடங்கியது 1842ல், நிலத்தை வீடு கட்ட அரசுக்குத் திரும்பக் கொடுப்பது என்று முடிவானது. இந்தக் கடைசி வருடத்தை வைத்து ஒரு கதை எழுதலாம் என்று மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்குப் போய்வந்த நம்ம ஆள் ஒருவரிடம் பேசினேன். அந்த அண்ணன் பல வருடம் அங்கே லாயத்தில் இருந்தவர்.

கைபேசியில் ஒரு படம் காட்டினார். குதிரையின் பாஸ்போர்ட். ஆமாம், அதற்கு உண்டு. உள்ளே குதிரையின் உருவத்தை இடது, வலது, முன், பின் என்று வரைந்து, உடம்பில் எங்கெங்கே சுழி இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். எங்கள் பாட்டி மாடு வாங்கும்போது சுழி பார்ப்பார், இங்கே வெள்ளைக்காரர் வகுத்த முறையில் கால்நடை மருத்துவர் அதே சுழியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார், ராசிக்காக இல்லை, அடையாளத்துக்கு. நான் அதிலேயே லயித்துப் போய்க் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் படத்தைப் பெரிதாக்கிக் கழுத்துச் சுழியைக் காட்டி, "இங்க தடவினா தூங்கிரும்" என்றார். பிறகு, "இவன் மலேசியா போயிட்டான். இடம் கிடைச்சிருச்சு. எனக்குத்தான் இன்னும் பதில் வரல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அடுத்து என்ன கேட்டேன் தெரியுமா, பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பார்கள் என்று.

வடகரை

லாடம்64, தேதிக்கு நன்றி. என் கதை 1975 கோடையில் முடிகிறது, பூட்டு எதுவும் இல்லை. மூச்சும் பாய்ச்சலும் சொன்னீர்களே, அதை எடுத்துக்கொள்கிறேன்.

குன்னூர் பஸ், உங்கள் சைஸ் இப்போது எங்கே இருக்கிறார், பேச முடியுமா?

அரைச்சப்பாத்தி

தாமதமாக வருகிறேன். ஓய்வு பெற்ற ஜாக்கி ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. எனக்குப் பிரியாணி, அவருக்கு ஒரு சப்பாத்தியில் பாதி. ஓடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது, இப்போது யாரும் அவரை எடை பார்ப்பதில்லை. கேட்டதற்கு, "வயிறு ஒத்துக்கல தம்பி" என்றார். ரேஸுக்கு முந்தின நாள் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து வியர்வையில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இறக்கியதை எல்லாம் சாதாரணமாகச் சொன்னார். 52 கிலோ என்று போட்டிருந்தால் ஆளும் சேணமும் சேர்த்து 52. ஆள் இளைத்தவராக இருந்தால் ஈயத்தகடு வைத்து நிரப்புவார்கள், பருத்தவராக இருந்தால் அந்த வாய்ப்பே கைநழுவிப் போகும்.

பேசி முடித்ததும் அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் டம்ளரைக் கையில் எடுத்தார், உடனே குடிக்கவில்லை. லேசாகத் தூக்கிப் பார்த்தார், பாதியை என் டம்ளரில் ஊற்றினார், மீதியைக் குடித்தார். அப்படிச் செய்தது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மனைவி என்னைப் பார்த்து, "இதை எழுதிடாதீங்க" என்றார்.

பெயர், ஊர் எதுவும் போடாமல் இங்கே எழுதிவிட்டேன். கதையில் வைக்கலாமா என்றுதான் கேட்க வந்தேன். லாடம்64 சார், உங்களிடம் கேட்கவில்லை.