ஐபி முகவரி இருக்கும்போது மேக் முகவரி எதற்கு?

கேள்வி: விடுதி_அறை_14

வணக்கம். நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஐபி முகவரி, மேக் முகவரி இரண்டையும் வகுப்பில் படித்தபோது புரிந்ததாகவே நினைத்திருந்தேன். நேற்று மடிக்கணினியில் வயர்ஷார்க்கை (வலையமைப்பில் செல்லும் தரவைக் காட்டும் மென்பொருள்) இயக்கிவிட்டுச் சில தளங்களைத் திறந்து பார்த்ததும் அந்த நினைப்புக் கலைந்துவிட்டது. செல்லும் பாக்கெட்டுகளில் (தரவுத் துண்டுகளில்) சேருமிட ஐபி முகவரி தளத்துக்குத் தளம் வேறுபடுகிறது. சேருமிட மேக் முகவரியோ எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கிறது. வெவ்வேறு நாடுகளில் உள்ள சர்வர்களுக்கு ஒரே மேக் முகவரி எப்படி இருக்க முடியும்? மேலும், ஐபி முகவரியே வழிகாட்டிவிடும் என்றால், 48 பிட் நீளத்தில் இன்னொரு முகவரியையும் சுமந்து திரிவது வீண் அல்லவா?

பதில்: ஈதர்வாசி

நீங்கள் பார்த்தது எந்தச் சர்வரின் மேக் முகவரியும் அன்று. அது உங்கள் விடுதி ரௌட்டருடையது. சேருமிட ஐபி முகவரி தன் சப்நெட்டுக்குள், அதாவது தான் இருக்கும் உள்ளூர் வலையமைப்புக்குள், அடங்குகிறதா என்பதை உங்கள் கணினி முதலில் சப்நெட் மாஸ்க்கைக் (முகவரியில் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) கொண்டு சோதிக்கிறது. அடங்கவில்லை என்றால், பாக்கெட்டை வெளியே கொண்டு செல்லும் பொறுப்பை ரௌட்டரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்காக, "192.168.1.1 என்ற முகவரி யாருடையது?" என்று அந்த வலையமைப்பில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வியை அனுப்புகிறது, ரௌட்டர் தன் மேக் முகவரியைச் சொல்லிப் பதிலளிக்கிறது. 1982-இல் வரையறுக்கப்பட்ட ஏஆர்பி நெறிமுறையின் வேலை இவ்வளவுதான்.

அதன் பிறகு நடப்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. ரௌட்டர் வந்த ஃபிரேமை (மேக் முகவரி எழுதிய வெளியுறையை) பிரித்து, உள்ளே உள்ள ஐபி முகவரியைப் பார்த்து, அடுத்து எந்த ரௌட்டருக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவுசெய்து, அதன் மேக் முகவரியை எழுதிய புதிய ஃபிரேமுக்குள் பாக்கெட்டை வைத்து அனுப்புகிறது. வழியில் பத்து ரௌட்டர்கள் இருந்தால் இது பத்து முறை நடக்கும். ஐபி முகவரி போய்ச் சேர வேண்டிய ஊரைச் சொல்கிறது; மேக் முகவரி அடுத்து யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது.

பதில்: பழைய_கேபிள்

இரண்டாவது கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். மேக் முகவரி மட்டுமே போதும் என்று வைத்துக்கொள்வோம். அதன் முதல் 24 பிட்டுகள் பொதுவாக ஐஇஇஇ என்ற தரநிலை அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்கியவை என்பதால், அந்த எண்ணிலிருந்து சாதனத்தை யார் தயாரித்தார்கள் என்று அறியலாமே தவிர, அது எங்கே இருக்கிறது என்று அறிய முடியாது. அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு கைபேசிகளில் ஒன்று மதுரையிலும் மற்றொன்று ஆஸ்லோவிலும் இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு ரௌட்டரும் உலகில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்க வேண்டும். ஐபி முகவரி நம் அஞ்சல் குறியீட்டைப் போன்றது: 6 என்ற முதல் இலக்கத்தைக் கண்டதும் கடிதம் தெற்கே செல்ல வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது, தெரு எது என்று டெல்லியில் உள்ளவர் கவலைப்பட வேண்டியதில்லை.

ஐபி மட்டுமே போதும் என்றால், வலையமைப்பில் புதிதாகச் சேரும் சாதனத்துக்கு டிஎச்சிபி (முகவரியைத் தானாக ஒதுக்கும் நெறிமுறை) வழியாக ஐபி முகவரியை வழங்கும் வரை அதை எந்தப் பெயரால் அடையாளம் காண்பது? வரலாற்றுக் காரணமும் உண்டு; என் போன்ற பழைய ஆட்களுக்கு அதுவே முக்கியமாகத் தோன்றுகிறது. மேக் முகவரியைப் பயன்படுத்தும் கேபிள் வலையமைப்புத் தொழில்நுட்பமான ஈதர்நெட் 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவானது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுமையாக, ஐபியை உள்ளடக்கிய டிசிபி/ஐபி நெறிமுறைகளுக்கு மாறியதோ 1983 ஜனவரி 1 அன்றுதான். ஒரே ஈதர்நெட் கேபிளில் நோவெலின் ஐபிஎக்ஸ் போன்ற வேறு நெறிமுறைகளும் ஐபியுடன் சேர்ந்து ஓடிய காலத்தில், ஐபியை நம்பி ஈதர்நெட்டை வடிவமைத்திருக்க முடியாது.

பதில்: நுண்பொதி

மேலே உள்ள விளக்கங்களுடன் இரண்டு திருத்தங்களைச் சேர்க்க விரும்புகிறேன். ஐபி முகவரி வழிநெடுக மாறாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விடுதி ரௌட்டர் நாட் (பல சாதனங்கள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் முறை) முறையைப் பயன்படுத்தினால், பாக்கெட் வெளியேறும்போது அனுப்புநரின் ஐபி முகவரி மாற்றப்பட்டுவிடும். அதேபோல் மேக் முகவரி வன்பொருளில் பொறிக்கப்பட்ட நிரந்தர எண் என்ற பாடநூல் வாக்கியமும் பழசாகிவிட்டது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் வைஃபையில் இணையும்போது இயல்பாகவே தற்செயலான மேக் முகவரியைக் காட்டுகின்றன. மேக் முகவரியைப் பதிவுசெய்து அனுமதி தரும் விடுதிகளில் "நேற்று வரை வேலை செய்தது" என்ற புலம்பல் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவிக்கு ஒரு யோசனை: ரௌட்டர் இடையில் இல்லாமல் இரண்டு மடிக்கணினிகளை ஒரே லேன் கேபிளால் இணைத்துப் பாருங்கள்.

பதில்: விடுதி_அறை_14

அனைவருக்கும் நன்றி. அறைத்தோழியின் மடிக்கணினியுடன் கேபிளை இணைத்தேன். முகவரி வழங்க யாரும் இல்லாததால், சற்று நேரத்தில் இரண்டு கணினிகளும் 169.254 என்று தொடங்கும் முகவரிகளைத் தாமாகவே எடுத்துக்கொண்டன. பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் செய்தி) அனுப்பியபோது பதில் வரவில்லை. கேபிள் பழுது என்றே முதலில் நினைத்தேன். ஆனால் வயர்ஷார்க்கில் ஏஆர்பி கேள்விக்கு அவளுடைய கணினி ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தது, நான் அனுப்பிய பிங் ஃபிரேமில் அவளுடைய மேக் முகவரியே இருந்தது. வரும் இணைப்புகளை வடிகட்டும் அவளுடைய விண்டோஸ் ஃபயர்வால்தான் பிங்கைத் தடுத்திருக்கிறது. அதற்குக் கீழ் அடுக்கில் நடந்த ஏஆர்பியை அது தொடவே இல்லை.