கிராட்டம் இலைத்தூளை விட முடியாமல் தவிக்கும் தம்பிக்கு என்ன சிகிச்சை?

கேள்வி:
முதுகுவலிக்காகக் கிராட்டம் தூளை வெந்நீரில் கலந்து குடிக்கத் தொடங்கிய என் தம்பி, இப்போது நள்ளிரவில் எழுந்து ஒரு கரண்டி விழுங்காமல் உறங்க முடியாத நிலையில் இருக்கிறான். நிறுத்திய மறுநாளே மூக்கு ஒழுகியது, கால்கள் ஓயாமல் துடித்தன, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். “வெறும் இலைதானே” என்கிறான். இது அடிமைத்தனமா?

மறுமொழி 1:
ஆம், இவை விலகல் அறிகுறிகளே, அதாவது பழகிய பொருளை நிறுத்தும்போது உடல் காட்டும் தொல்லைகள். தென்கிழக்கு ஆசியாவில் வளரும், காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கிராட்டம் மரத்தின் இலையிலுள்ள மித்ராகைனின் என்ற வேதிப்பொருள், அபின் வகை மருந்துகள் பற்றிக்கொள்ளும் அதே மூளை ஏற்பிகளில் செயல்படுகிறது. உடல் அதற்குப் பழகப் பழக, பழைய அளவு போதாமல் போய், தம்மை அறியாமலேயே கூட்டிக்கொண்டே போகிறார்கள். மன உறுதியற்றவன் என்று தயவுசெய்து அவரைப் பழிக்காதீர்கள்.

மறுமொழி 2:
நானும் இதிலிருந்து மீண்டவள். திடீரென நிறுத்தி மும்முறை தோற்ற பிறகு, மனநல மருத்துவர் ஒவ்வொரு வேளைத் தூளையும் தராசில் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தார். இதற்கென அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அங்கீகரித்த மருந்து எதுவும் இல்லை. கடுமையான நிலையில் சிலருக்கு, அபின் வகை அடிமைத்தனத்துக்குத் தரும் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைத் தருகிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, உளவியல் ஆலோசனைதான் தாங்கியது.

மறுமொழி 3:
முதுகுவலிக்கும் சேர்த்தே சிகிச்சை கேளுங்கள். வலி நீடித்தால் அவர் மீண்டும் தூளைத்தான் தேடுவார். மதுவையோ தூக்க மாத்திரையையோ இதனுடன் சேர்ப்பது ஆபத்து. வலிப்பு வந்தாலோ, கண்கள் மஞ்சளித்துச் சிறுநீர் கருத்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.