புதுப்பிப்பு: தள்ளுபடியில் வாங்கிய வாடிய செடிகள் பிழைத்தனவா? (புதுச்சேரி)

பெரிய கடை ஒன்றில் பாதி விலைக்கு வைத்திருந்த வாடிய செடிகளை வாங்கலாமா என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன்: இரண்டு செம்பருத்தி, ஒரு ரோஜா.

"இலையைப் பார்க்காதீங்க, தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்க" என்று ஒரு அக்கா சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. செம்பருத்தி வேர் வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் பந்தாகச் சுற்றியிருந்தது. தொட்டியில் மண்ணுக்குப் பதில் நிரப்பியிருந்த தென்னைநார்க் கழிவு காய்ந்து இறுகி, ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓரமாகவே வழிந்தது. வாளியில் அரை மணி நேரம் ஊறவைத்து, வேரைப் பிரித்துவிட்டு, செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து பெரிய தொட்டிக்கு மாற்றினேன். பத்து நாள் நிழல். மூன்றாவது வாரம் துளிர்; இப்போது ஒன்றில் மொட்டு.

புதுச் செடிகளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைக்கச் சொன்னதைச் சோம்பலில் விட்டேன். அவற்றிலிருந்த மாவுப்பூச்சி பக்கத்துக் கத்தரிக்குத் தாவிவிட்டது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை மாலையில். நான்காவது தெளிப்பில்தான் அடங்கியது.

எதிர்பாராதது ரோஜா. மளமளவென்று வளர்ந்ததும் பூரித்துப்போனேன். பார்த்தால் அத்தனை துளிரும் ஒட்டுக்கு (ரோஜாக் கிளையை வேறொரு வேர்ச்செடியோடு இணைத்த இடம்) கீழிருந்து, அதாவது வளர்ந்தது நான் வாங்கிய ரோஜா இல்லை, அடியிலிருந்த வேர்ச்செடி! மேலே ஒட்டிய கிளை எப்போதோ பட்டுப்போயிருக்கிறது. ரோஜா வாங்குகிறவர்கள் ஒட்டுக்கு மேலே நகத்தால் லேசாகக் கீறி, பச்சை தெரிந்தால் மட்டும் எடுங்கள்.